கண்ணாடி ஜாரின் அடியில் ஒரு முகவரி

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்து போன பிறகு, அடையாறிலும் மயிலாப்பூரிலும் பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் மளிகைக் கடைகளில் பாலுக்கும் தண்ணீருக்கும் அடுத்து நாம் கேட்டு அலைந்தது மெழுகுவர்த்தி. வெள்ளையாக, விரல் பருமனில், பாக்கெட்டில் அடுக்கி வருகிற அந்த மெழுகுவர்த்தியை யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர்கள் நம்மில் அநேகமாக யாருமில்லை. அதற்கு முந்தைய மின்வெட்டு ஆண்டுகளிலும் அப்படித்தான் இருந்தோம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்துக்கு வெளியே, நேர்த்திக்கடனுக்காகக் கை, கால், வீடு என்று வார்த்து விற்கிற மெழுகு உருவங்களிலும் செய்தவர் பெயர் இருப்பதில்லை. வேண்டுதலுக்குப் போகிற பொருளில் பெயர் எதற்கு என்று வாங்குகிறவருக்கும் தோன்றியதில்லை, விற்கிறவருக்கும் தோன்றியதில்லை.

இன்வர்ட்டரும் கைபேசி விளக்கும் வந்த பிறகு மெழுகுவர்த்தியின் அவசியம் குறைந்தது. ஆனால் மெழுகுவர்த்தி குறையவில்லை. வேறொரு பொருளாக மாறி, வேறொரு வீட்டிலிருந்து வரத் தொடங்கியது. இன்று தென்சென்னையின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில், மதியச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவி ஓய்ந்த அடுப்பில், ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்குகிறார்கள். வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பெண்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். எளிமையான வேலை என்றுதான் வெளியிலிருந்து தெரியும். மெழுகை எடைபோட்டு, வெப்பமானியை வைத்துக் காத்திருந்து, நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு வாசனை எண்ணெயைச் சரியான சூட்டில் கலந்து, திரி நடுவில் நிற்கும்படி பிடித்து, ஊற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். சோயா மெழுகானால் வாசனை முழுதாகப் படிய ஒன்றிரண்டு வாரம் எடுத்து வைக்க வேண்டும். ஐம்பது டிகிரியை ஒட்டி உருகிவிடுகிற இந்த மெழுகுக்குச் சென்னையின் மே மாதம் பொருந்தாது. மேற்பரப்பில் எண்ணெய் முத்துமுத்தாக வியர்க்கும். நண்பகலில் இருசக்கர வண்டியில் கொடுத்தனுப்பினால் திரி சாய்ந்து போய்ச் சேரும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் ஆர்டர் எடுக்காதவர்களும் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் பின்னால் நாம் மறந்துபோன ஓர் அரசுக் கொள்கை இருக்கிறது. சில பொருட்களைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்று 1967இல் இந்திய அரசு ஒதுக்கத் தொடங்கியது. பின்னர் நூற்றுக்கணக்கான பொருட்களாக வளர்ந்து, தாராளமயத்துக்குப் பிறகு படிப்படியாகக் கரைந்த அந்தப் பட்டியலில் கடைசிவரை நின்றவை இருபதே பொருட்கள். ஊறுகாய், அகர்பத்தி, தீப்பெட்டி, பட்டாசு, கண்ணாடி வளையல் ஆகியவற்றோடு மெழுகுவர்த்தியும் அதில் இருந்தது. 2015 ஏப்ரலில் அந்த இருபதும் விடுவிக்கப்பட்டன. சிவகாசியையும் சாத்தூரையும் அறிந்த நமக்கு இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒன்று தெரியும்: இவை பெரும்பாலும் எளிய மனிதர்கள், அவர்களிலும் பெண்கள், வீட்டிலோ வீட்டுக்கு அருகிலோ உட்கார்ந்து செய்த வேலைகள். மெழுகுவர்த்தி ஒரு குடும்பத்துக்கு அரிசி வாங்கித் தரும் தொழில் என்ற நினைப்பு அந்த ஒதுக்கீட்டின் அடியில் இருந்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் பயிற்சிகளிலும் ஊதுவத்தி, சோப்பு, ஊறுகாயோடு மெழுகுவர்த்தி தவறாமல் இருந்தது.

ஆக, ஒரே நகரத்தில் இப்போது இரண்டு வகை வீட்டு மெழுகுவர்த்திகள் இருக்கின்றன. ஒன்று, வட்டிக் கணக்கும் குழுக் கூட்டமும் கொண்ட ஒரு பெண் பாரஃபினை அலுமினிய அச்சில் ஊற்றிச் செய்து, வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பது. இன்னொன்று, அடையாறு வீட்டில் சோயா மெழுகில் செய்து, கண்ணாடி ஜாரில் பெயரோடும் ஓவியத்தோடும் சில நூறு ரூபாய்க்கு விற்பது. அடுப்பு ஒன்று, முதுகு வலி ஒன்று, உருகிய மெழுகு கையில் பட்டால் எழும் கொப்புளமும் ஒன்று. வேறுபாட்டைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஜாரின் மேல் ஒட்டிய தாள்தான். அந்தத் தாளை எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைக்கும் வருமானத்தின் இடைவெளியை எண்ணிப் பார்க்கும்போது, நாம் உழைப்புக்கு விலை கொடுக்கிறோமா, உழைப்பைப் பற்றிய வருணனைக்கு விலை கொடுக்கிறோமா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் வந்தது. அதன் கீழ் பொட்டலப் பொருட்களுக்கான விதிகள் 2011இல் வந்தன. வாங்குகிறவர் எதிரில் இல்லாமல் முன்கூட்டியே அளந்து அடைத்துவைத்த பொருள் எதுவானாலும், அதைச் செய்தவரின் பெயரும் முழு முகவரியும், பொருளின் பொதுப்பெயரும், நிகர அளவும், செய்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையும், குறை சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அதன்மேல் இருக்க வேண்டும். 2022 முதல் கிராமுக்கு என்ன விலை என்பதும் சேர்ந்துகொண்டது. எழுத்தின் உயரத்துக்கும் அளவு உண்டு. இந்த விதிகளில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. எடையில் ஏமாற்றுவதும் விலையை அழித்து எழுதுவதும் நம் கடைத்தெருக்கள் அறியாதவை அல்ல. முகம் தெரியாத ஒருவர் செய்த பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு, கேள்வி கேட்க ஒரு வாசல் வேண்டும் என்பது நியாயம்தான்.

ஆனால் அந்த வாசல் இங்கே ஒருவருடைய வீட்டு வாசல். முகவரி என்று விதி சொல்லும்போது, தொழிற்சாலை இல்லாதவர் தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும், வாங்குகிறவர் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு, தர வேண்டும். தனியாக வாழும் பெண்ணோ, கணவர் வெளியூரில் வேலை பார்க்கும் பெண்ணோ, தன் கதவிலக்கத்தையும் கைபேசி எண்ணையும் நூற்றுக்கணக்கான ஜார்களில் அச்சடித்து ஊரெங்கும் அனுப்புவதென்றால் என்ன என்பதை, இந்த நகரத்தில் பெண்ணாக ஒரு கைபேசி எண் வைத்திருக்கும் யாரும் சொல்வார்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்பது கூடுதல் கவலை. இதனால் பலர் முகவரியை விட்டுவிட்டு, இணையப் பக்கத்தின் பெயரையும் ஒரு பூவின் படத்தையும் மட்டும் அச்சடிக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். அந்தப் பெண்ணின் நிலையில் நின்றால் அது தற்காப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதிய விதி, சமையலறைக்குள் வந்ததும் ஒரு மனுஷியின் படுக்கையறைச் சன்னல்வரை வந்துவிடுகிறது. சுய உதவிக் குழுக்களுக்குக் கூட்டமைப்பின் முகவரியும் மதி என்ற பொதுப் பெயரும் இருக்கின்றன. அவர்களுக்கென நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் பெண்ணுக்கு அப்படி ஒரு பொது முகவரியை மாவட்டத் தொழில் மையமோ மாநகராட்சியோ தருவது செலவு பிடிக்கும் காரியமல்ல. கேட்பவர் இல்லாததால் அது நடக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மொழியைப் பற்றியும் அந்த விதிகள் பேசுகின்றன. கட்டாயத் தகவல்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும்; மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது மந்தைவெளியில் செய்து, மாட வீதியில் விற்று, மயிலாப்பூர் வீட்டில் எரிக்கிற மெழுகுவர்த்தியின் மேல் முழுக்க முழுக்கத் தமிழில் எழுதினால் அது சட்டப்படி எழுதாததற்குச் சமம். இரண்டங்குல வட்டத்தில் ஆங்கிலமே நெருக்கியடித்து நிற்கும்போது கூடுதலாகத் தமிழுக்கு இடம் ஏது? மொழிக்காக இவ்வளவு பேசிய மாநிலத்தில், அன்றாடம் கையில் எடுக்கும் பொட்டலங்களின் சிறிய எழுத்தை நாம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவு, ஆங்கிலம் வாசிக்காத பாட்டியும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் தாங்கள் கொளுத்தப் போகும் பொருளைப் பற்றி எதுவும் அறியாமல் இருப்பது.

ஜாரின் முகப்பில் இருப்பது வேறு வகை எழுத்து. அதைச் சட்டம் கேட்கவில்லை, சந்தை கேட்கிறது. இயற்கையானது, நச்சற்றது, கெமிக்கல் இல்லாதது, பூமிக்கு நல்லது. இவற்றை எழுதுகிறவர்கள் பொய் சொல்ல நினைத்து எழுதுவதில்லை; மெழுகு விற்றவர் சொன்னதை நம்பி எழுதுகிறார்கள். பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது உண்மை. நம் மணலியிலேயே 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை அதைத் தருகிறது. சோயா மெழுகு ஒரு தாவர எண்ணெயிலிருந்து வருவதும் உண்மை. ஆனால் அந்த எண்ணெயை ஆலையில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கினால்தான் மெழுகாகும். அமெரிக்காவில் 1990களில்தான் அப்படி ஒரு மெழுகுவர்த்தியே பிறந்தது. எந்த மெழுகும் காற்றோட்டத்தில் தள்ளாடி எரிந்தால் கரி விடும், விசிறி சுழலும் நம் வீடுகளில் நன்றாகவே விடும். வாசனையின் கதை இன்னும் நீண்டது. மல்லிகைப் பூ சூட்டைத் தாங்காது. அதன் மணத்தைக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள், மிகச் சிறிய அளவுக்கு மலைபோல் பூ வேண்டும், விலையும் அதற்கேற்பத்தான். ஜாரில் மல்லிகையாக மணப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த பென்சைல் அசிட்டேட்டும் அதன் கூட்டாளிகளும். அதில் குற்றமில்லை; பூவிலும் அதே பொருள்தான் முதன்மையாக இருக்கிறது. குற்றம், அதைக் கெமிக்கல் இல்லாதது என்று எழுதுவதில். கபாலீசுவரர் கோயில் வாசலில் பூக்காரம்மா முழம் போட்டு விற்கும் மல்லிகையின் மேல் இயற்கையானது என்று எவரும் எழுதி ஒட்டவில்லை.

ஐரோப்பாவில் வாசனை மெழுகுவர்த்தியில் ஒவ்வாமை தரக்கூடிய லினலூல், லிமோனீன் போன்றவை குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி அச்சடிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இயற்கை, பசுமை போன்ற சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்களே அவற்றை எவ்வளவு மதிக்கும் என்று தெரியாத நிலையில், அடையாறு வீட்டுப் பெண்ணை முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். என்றாலும் அவரிடம் ஒன்று எதிர்பார்க்கலாம், ஏனென்றால் அவர் பெரிய நிறுவனம் அல்ல. தன் கையால் செய்து தன் பெயரைப் போடுகிறவர். பாரஃபின் என்றால் பாரஃபின் என்றும், செயற்கை வாசனை என்றால் செயற்கை வாசனை என்றும் எழுதுவதற்கு அவருக்கு வேறு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இத்தனை கேட்கும் விதிகள் கேட்காத ஒன்று இருக்கிறது, என்னை மிகவும் உறுத்துவது அதுதான். எடை கேட்கின்றன, விலை கேட்கின்றன, முகவரி கேட்கின்றன. இது தீ என்று எழுதச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மெழுகுவர்த்தித் தொழிலுக்கென்று வகுத்த தரத்தில் மூன்று வரிகள் அடிப்படை: கண்பார்வையிலேயே எரிய விடுங்கள், தீப்பற்றும் பொருட்களிலிருந்து தள்ளி வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அகல் விளக்கோடு வளர்ந்த நமக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும், ஏனென்றால் இது அகல் அல்ல. எண்ணெய் தீர்ந்தால் அகல் தானாக அவியும். கண்ணாடி ஜாரில் மெழுகு அடிமட்டத்துக்கு வந்தபின்னும் எரிய விட்டால், சுடர் கண்ணாடியையே சுட்டு அது வெடிக்கலாம். அடியில் அரை அங்குல மெழுகு இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டே ஏற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரியக் கூடாது. இவை எரிக்கிறவருக்குத் தானாகத் தெரிய வேண்டியவை அல்ல, செய்தவர் சொல்ல வேண்டியவை.

சொல்லாததோடு நிற்காமல் அழகு சில வேளை ஆபத்தையும் சேர்க்கிறது. காய்ந்த ரோஜா இதழையும் பட்டையையும் மெழுகின்மேல் தூவிப் படமெடுத்தால் பார்க்க நன்றாக இருக்கிறது. திரி எரிந்து இறங்கும்போது அந்த இதழ் இன்னொரு திரியாகிறது. தீபாவளிக்கு லட்டு வடிவத்திலும், வெங்கல டவரா டம்ளரில் நுரை ததும்பும் காபி வடிவத்திலும் மெழுகுவர்த்திகள் வருகின்றன. செய்கிறவரின் கைத்திறனை அவற்றில் மெச்சாமல் இருக்க முடியாது. ஆனால் பலகாரத் தட்டுகள் வீடு வீடாகப் போகும் அதே வாரத்தில், மூன்று வயதுக் குழந்தை அந்த லட்டை வாயில் வைக்காது என்று எதை நம்பி நாம் அனுப்புகிறோம்? உணவைப் போலத் தோன்றி உணவல்லாத பொருட்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பாவில் 1987லேயே ஓர் ஆணை வந்தது. நம்மிடம் மெழுகு லட்டுக்கு இருக்கும் ஒரே காவல், செய்தவர் தாமாக எழுதும் ஒரு வரி.

அந்த ஒரு வரியும் போய்ச் சேராமல் போக நம் பண்பாடே ஒரு வழி வைத்திருக்கிறது. நவராத்திரிக் கொலுவிலும் சீமந்தத்திலும் வெற்றிலை பாக்கோடு கொடுக்க இந்த ஜார்களை மொத்தமாக வாங்குகிறவர்கள், முதலில் கேட்பது விலை ஒட்டிய தாள் இல்லாமல் தர முடியுமா என்பதுதான். கொடுக்கிற பொருளின் விலை பெறுகிறவர் கண்ணில் படக் கூடாது என்பது நல்ல நாகரிகம், அதை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரே தாளில் விலையும் முகவரியும் எச்சரிக்கையும் இருக்கும்போது, விலையைச் சுரண்டுகிற நகம் மற்றதையும் சுரண்டிவிடுகிறது. இந்தப் பொருளைத் தானாகத் தேடி வாங்காத, அதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் வீட்டுக்கு, எதுவும் எழுதாத ஜார் போய்ச் சேர்கிறது. எச்சரிக்கையை மட்டும் தனித் தாளாக மூடியின் உட்புறத்தில், தமிழிலும் ஒட்டினால் தீரக்கூடிய விஷயம் இது. ஒரு தாளுக்குச் சில காசுகள் கூடும், அவ்வளவே.

அந்தச் சில காசுகளைக்கூட யோசிக்க வைப்பது விலை. பாரிமுனையில் வாங்கிய மெழுகு, வாசனை, திரி, ஜார், மூடி, பெட்டி, அச்சுக்கூலி எல்லாவற்றையும் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விலை போடுகிறார்கள். தன் நேரத்தை அந்தக் கூட்டலில் சேர்ப்பவர் அபூர்வம். வீட்டில்தானே இருக்கிறேன் என்பது அவர்கள் சொல்லும் காரணம். 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாருக்காகக் கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. ஐந்து மணி நேரத்தைக் கணக்கில் வைக்காமல் பழகிய வீட்டில், மெழுகு உருக்கும் மூன்று மணி நேரமும் கணக்கில் வராமல் போவது இயல்பாகிவிடுகிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அரசின் வாயால் ஒப்புக்கொண்டது. ஆனால் அரசு ஒப்புக்கொண்டதை அந்தப் பெண்ணின் சொந்த நோட்டுப் புத்தகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பண்டிகைக் கால ஸ்டாலில் பேரம் பேசுகிறவர் குறைக்கச் சொல்லும் ஐம்பது ரூபாய், மெழுகிலிருந்தோ ஜாரிலிருந்தோ குறைவதில்லை; அவற்றின் விலை வெளியில் யாரோ நிர்ணயித்தது. அது அவருடைய மதியத்திலிருந்து குறைகிறது.

சிறுதொழிலாகப் பதிந்துகொள்ள 2020 முதல் உத்யம் என்ற இணையப் பதிவு இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் செலவில்லாமல் முடித்துவிடலாம். அதில், வேலை செய்பவர்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கட்டங்கள் வருகின்றன. தன் ஒருவர் கையால் மெழுகுவர்த்தி செய்யும் பெண், அந்த இடத்தில் தன்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்குவது இயற்கை. சம்பளம் வாங்குகிறவர்தானே வேலை செய்பவர் என்று அவருக்குத் தோன்றும். பெண்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று நிரப்பிவிட்டு, அந்த ஒருவருக்கு மணிக்கு என்ன கூலி என்பதை மெழுகுக்கும் திரிக்கும் கீழே தனி வரியாக எழுதிக் கூட்டிய பிறகு அவர் விலைத் தாளை அச்சுக்குக் கொடுக்கட்டும்.